தவிட்டில் நொதி எடுத்த தகமினே

மாவு மில்லில் மிஞ்சும் கோதுமைத் தவிடு நமக்கு மாட்டுத் தீவனம். அதே தவிட்டில் பூஞ்சாணம் வளர்த்து, ஜீரண மருந்து எடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த ஜோகிச்சி தகமினே.

இவர் 1854ல் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய்வழிக் குடும்பம் அரிசி மது தயாரித்தது. வேகவைத்த அரிசியில் 'கோஜி' பூஞ்சாணத்தைப் படரவிட்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அங்கு பழைய முறை. வேதியியல் படித்த தகமினே, 1887ல் டோக்கியோவில் உர நிறுவனம் தொடங்குவதில் பங்கேற்றார். 1890ல் அமெரிக்கா சென்றார்.

அங்கு மது ஆலைகள் பார்லியை முளைகட்டி, அந்த மால்ட்டைப் பயன்படுத்தின. அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். இவரோ தவிட்டை ஆவியில் வேகவைத்து, ஆறியதும் பூஞ்சாண வித்தைத் தூவி, ஈரமும் கதகதப்பும் குறையாமல் வைத்தார். இரண்டு நாட்களில் வேலை முடிந்தது. மால்ட் தயாரித்தவர்கள் எதிர்த்தனர். ஆலை தீக்கிரையானது. கல்லீரல் நோயும் அவரைப் படுக்க வைத்தது. ஆனாலும் அவர் விடவில்லை. தவிட்டிலிருந்து நொதியைத் தண்ணீரில் கரைத்து, ஆல்கஹால் சேர்த்துப் பிரித்தார். 1894ல் காப்புரிமை கிடைத்தது. 'டாகா டயாஸ்டேஸ்' என்ற பெயரில் அது மருந்துக் கடைக்கு வந்தது. பின்னர் அட்ரினலினைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்ற அவர், 1922ல் நியூயார்க்கில் காலமானார்.

பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள விவசாயிகளே, அறுவடைக்குப் பின் தட்டையையும் கதிர்ச் சக்கையையும் கொளுத்துகிறீர்களா? அவையும் நுண்ணுயிருக்கு உணவுதான். நொதியைப் பிரித்தெடுக்க ஆய்வுக்கூடம் வேண்டும்; ஆனால் நொதியை வேலை வாங்க உங்கள் வயலே போதும். கழிவை நறுக்கிக் குவித்து, டன்னுக்கு 2 கிலோ வீதம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரைச் சாணக் கரைசலுடன் சேருங்கள். ஈரம் காயாமல் பார்த்து, 15 நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகள் நார்ச்சத்தைச் சிதைத்து, கழிவை மட்க வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. தகமினே பயன்படுத்தியது தேர்ந்தெடுத்த வித்து. நனைந்த மக்காச்சோளத்தில் தானாகப் படரும் பச்சைப் பூஞ்சாணம் அதற்கு நெருங்கிய உறவுதான். ஆனால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கக்கூடியது. அந்தச் சோளத்தை மாட்டுக்கோ கோழிக்கோ வைக்காதீர்கள். வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் மையங்களில் கேட்டுத் தெளிவு பெறலாம்.