1921-லேயே காற்றுக்கு வழிவிட்ட கார்... யார் இந்த எட்மண்ட் ரம்ப்ளர்?

திருவண்ணாமலை வேங்கிக்கால் தாண்டி வேலூர் ரோட்டில் கார் வேகம் பிடித்ததும், இன்ஜின் அதிகம் மல்லுக்கட்டுவது காற்றோடுதான். வேகம் 2 மடங்கானால் காற்றுத் தடை 4 மடங்காகும். இதைக் குறைக்க காரின் உருவத்தையே மாற்றியவர் எட்மண்ட் ரம்ப்ளர்.

1872-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் விமானம் தயாரித்தார். முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. சரி, விமான வித்தையை காரில் காட்டுவோம் என்று இறங்கினார்.

அன்றைய கார்கள் சக்கரம் வைத்த பெட்டிகள். பெட்டி ஓடும்போது முன்னால் காற்று மோதுவது மட்டும் பிரச்சினை இல்லை. பின்னால் காற்று சுழன்று, அழுத்தம் குறைந்து, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் பின்பக்கத்தைக் குறுக்கிக்கொண்டே போனார் ரம்ப்ளர். மேலிருந்து பார்த்தால் அப்படியே நீர்த்துளி! டிரைவர் முன்னால் நடுவில், தனியாக. இன்ஜின் பின்னால்.

1921 பெர்லின் கண்காட்சியில் எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை. இன்ஜின் கோளாறு ஒருபக்கம், லக்கேஜ் வைக்க இடமில்லாதது மறுபக்கம். சுமார் 100 கார்களோடு கதை முடிந்தது. பல டாக்சியாக ஓடின. சிலவற்றை 'மெட்ரோபோலிஸ்' படத்துக்காக கொளுத்தியே விட்டார்கள்.

1933-ல் நாஜிக்கள் ரம்ப்ளரைச் சிறையில் தள்ளினார்கள். வெளியே வந்தும் தொழில் மீளவில்லை. 1940-ல் இறந்தார்.

1979-ல் ஃபோக்ஸ்வாகன், மியூசியத்தில் மிச்சமிருந்த ஒரு காரை காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தது. இழுவைக் குணகம் 0.28. இந்த எண் குறையக் குறைய காற்றுத் தடையும் குறைவு. அதே ஃபோக்ஸ்வாகன் 1988-ல் இறக்கிய பஸாட்டுக்கு 0.29.