ஸ்ரீ பூ. ச. குமாரசுவாமி ராஜா

பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் குடியேறிய குலத்தார், தம் கடமை எந்நாட்டிற்கு உரியதென ஆராய்தல் இயல்பே. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடையளித்த பெருந்தகை ஸ்ரீ பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்களாவர்.

நம் முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் தெலுங்கு நாட்டினின்றும் தென்றிசை போந்து, மேற்கு மலையடிவாரத்தில் ராஜபாளையத்தை இருப்பிடமாகக் கொண்டனர். இல்லத்தில் தெலுங்கும் வெளியில் தமிழும் வழங்கும் அக்குடியில், 1898-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி அவர் ஜனித்தார். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பெற்றார். காந்தியடிகளின் கொள்கையில் ஈடுபட்டுக் காங்கிரசில் சேர்ந்து தொண்டாற்றினார். 1934-ல் இந்திய சட்டசபைக்கும், 1937-ல் சென்னைச் சட்டசபைக்கும் அங்கத்தினரானார்.

1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1950 ஜனவரி 26-ல் புதிய அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தபின் அப்பதவி முதன்மந்திரி எனப் பெயர் பெற்றது. 1951-ஆம் ஆண்டின் ஹிந்து மத தர்ம ஸ்தாபனச் சட்டம் அவர் ஆட்சியில் நிறைவேறியதாகும்.

ஆயினும் அவரைப் பெரிதும் சோதித்தது ஆந்திரப் பிரிவினையே. அதற்கென 1949-ல் அமைந்த குழுவிற்கு அவரே தலைவர். தம் தாய்மொழியோர் ஒருபுறமும், தம்மைத் தேர்ந்தெடுத்த தமிழ் மக்கள் மற்றொருபுறமும் நிற்க, நடுவே அமர்ந்து பங்கீட்டை ஆராய்வது எளிய காரியமன்று. சென்னை நகர் விஷயத்தில் ஸ்ரீ பிரகாசம் பந்துலு அவர்கள் மாறுபட்டு எழுதினார்கள். பிரிவினை அப்பொழுது கைகூடவில்லை. 1953 அக்டோபர் 1-ல் சென்னை நகர் நீங்கலாகவே ஆந்திர ராஜ்யம் உதயமாயிற்று. தெலுங்கு மொழியினராயினும், அவர் இறுதிவரை தமிழ்நாட்டவராகவே விளங்கினார்.

1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், நம் ஊருக்கு அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே அவர் தோல்வியுற்றார். முதன்மந்திரியாயிருந்தவரைச் சொந்தச் சீமையே கைவிட்டது. எனினும் பொதுவாழ்வு அவரைக் கைவிடவில்லை. 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸாவின் கவர்னராகப் பணிபுரிந்தார். தாம் வாழ்ந்த வீட்டையே ராஜபாளையம் காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தார். 1957 மார்ச்சில் காலமானார்.

குலப்பெருமை பேசுதல் எளிது. குடியேறிய மண்ணிற்கே வீட்டையும் வாழ்நாளையும் ஒப்புவித்தல் அரிது. நம் இளைஞர்கள் முன்னோர் வந்த வழியை அறிதல் நன்று. வந்து சேர்ந்த இடத்திற்குத் தாம் செய்யக் கடவதை அறிதல் அதனினும் நன்று.