2 முறை புற்றுநோயிலிருந்து மீண்டவர்... 3வது முறை வந்தது சிகிச்சையாலா? எழுத்தாளர் சூசன் சொன்டாக்கின் கதை

1975ஆம் ஆண்டு. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக்குக்கு வயது 42. மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தபோதே, அது முற்றிய நிலையில் இருந்தது. பிழைப்பது கஷ்டம் என்றுதான் மருத்துவர்கள் நினைத்தார்கள். ஆனால், அதன்பிறகு 29 ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசியில் அவரது உயிரைப் பறித்தது மார்பகப் புற்றுநோய் இல்லை, ரத்தப் புற்றுநோய்.

யார் இவர்?

1933ல் நியூயார்க்கில் பிறந்தவர். 5 வயதிலேயே அப்பாவை காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1960களில் எழுதிய கட்டுரைகள் அவரை உலகமே கவனிக்கும் சிந்தனையாளர் ஆக்கின. 1993ல் போர் நடந்துகொண்டிருந்த சரயேவோ நகருக்கே போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் போட்டார்.

நோயாளி மீதே பழி

மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுமார் இரண்டரை ஆண்டுகள் கீமோதெரபி. அப்போது ஒரு விஷயம் அவரை உறுத்தியது. புற்றுநோய் வந்தவர்கள் அதைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். மனதில் எதையோ அடக்கி வைப்பவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்றுகூட அன்று பேசினார்கள்.

1978ல் இதை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். பெயர், 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்'. நோய் என்பது உடம்பில் நடப்பது, குணத்துக்குக் கிடைத்த தண்டனை இல்லை என்பதுதான் அதன் சாரம். தனக்கும் புற்றுநோய் இருந்ததை அந்த நூலில் அவர் சொல்லவே இல்லை.

3வது முறை என்ன நடந்தது?

1998ல் கருப்பையில் புற்றுநோய். மறுபடி அறுவை சிகிச்சை, கீமோ. அதிலிருந்தும் மீண்டார்.

2004 மார்ச்சில் வந்தது எம்டிஎஸ். அதாவது, எலும்பு மஜ்ஜை சரியான ரத்த அணுக்களை உருவாக்கத் தவறும் நோய். இது தீவிர ரத்தப் புற்றுநோயாக மாறலாம். பழைய கீமோவின் விளைவாக இது வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

சியாட்டில் நகரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தும் பலன் இல்லை. 2004 டிசம்பர் 28ல், 71 வயதில் காலமானார்.

சிகிச்சையே நோய் தருமா?

கீமோ மருந்தும் கதிர்வீச்சும் புற்றுநோய் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. அப்போது எலும்பு மஜ்ஜையில் உள்ள நல்ல செல்களும் பாதிக்கப்படலாம். அந்தப் பாதிப்பு சில மருந்துகளால் 1 முதல் 5 ஆண்டுகளிலும், வேறு சிலவற்றால் 5 முதல் 10 ஆண்டுகளிலும் நோயாக வெளிப்படலாம். ஆனால், சிகிச்சை எடுத்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகிறது.

அப்படின்னா கீமோ வேண்டாமா?

அப்படி முடிவு செய்யக் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் சொன்டாக்குக்கு அந்த 29 ஆண்டுகளே கிடைத்திருக்காது. அவரது முக்கியமான நூல்கள் பலவும் அந்தக் காலத்தில் வந்தவைதான்.

கவனிக்க வேண்டியது என்ன?

* பழைய சிகிச்சை ஃபைல்களைத் தூக்கிப் போடாதீர்கள். என்ன மருந்து, எப்போது கொடுத்தார்கள் என்பது பின்னாளில் தேவைப்படும்.
* காரணமில்லாத சோர்வு, அடிக்கடி காய்ச்சல், எளிதில் ரத்தக்கசிவு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். முன்பு எடுத்த சிகிச்சையையும் மறக்காமல் சொல்லுங்கள்.
* மருத்துவர் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது முறை நோய் வந்தால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று பலரும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அந்தப் பழியை நோயாளி சுமக்கத் தேவையில்லை என்று சொன்டாக் எழுதியது 1978ல். இன்றைக்கும் பல வீடுகளுக்கு அது தேவைப்படுகிறது.