மறுபிறவிக் கணக்கும் பெரியாரும்

1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் ஈ.வெ. இராமசாமியும் அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் பினாங்கில் வந்திறங்கினர். அப்போது அவருக்கு வயது ஐம்பது. அவர் வரக் கூடாது என்று வைதீகர் தரப்பில் எதிர்ப்பு எழுந்திருந்தது. ஆனாலும் அவரைக் காணத் தமிழர்கள் திரண்டு வந்தார்கள். ஜார்ஜ்டவுன் துறைமுகத்தை அன்றாடம் கடந்து செல்லும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது ஐயமே.

பெரியாரின் முழு வரலாற்றையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பெரிய நூல்கள் இருக்கின்றன. இறந்தபின் மனிதனுக்கு என்ன ஆகிறது, மறுபிறவி உண்டா என்ற ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாழ்க்கையை ஒருமுறை நடந்து பார்க்க விரும்புகிறேன். விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் நாம் விவாதிக்கும் கேள்விதானே அது!

அவர் 1879 செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் வெங்கட்டருக்கும் சின்னத்தாயம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். செல்வம் மிகுந்த வணிகக் குடும்பம், ஆழ்ந்த வைணவப் பற்று. பாகவதர்களும் பண்டிதர்களும் வீட்டுக்கு வருவதும் புராணம் சொல்வதும் வழக்கம். அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவதே சிறுவன் இராமசாமிக்குப் பொழுதுபோக்கு. எல்லாம் தலைவிதிப்படியே நடக்கும் என்று வாதிட்ட கடைக்காரர் ஒருவரின் கடைத் தட்டிக்கு முட்டாக நின்ற கோலைத் தட்டிவிட்டு, தட்டி அவர் தலைமேல் விழுந்ததும், அதுவும் விதிதான் என்று சொல்லி ஓடிவிட்டாராம். குறும்புதான். ஆனால் பின்னாளில் அவர் மேடைதோறும் கேட்ட கேள்வி இந்தக் குறும்பிலேயே முளைவிட்டிருக்கிறது. விதியை நம்புகிறவர், தம்மை அடித்தவனை மட்டும் ஏன் கோபித்துக்கொள்கிறார்?

1904ஆம் ஆண்டு தந்தையுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் துறவுக்கோலம் பூண்டு காசிக்குச் சென்றார். காசியில் உயிர்விட்டால் மறுபிறவி இல்லை என்பது மக்கள் நம்பிக்கை. அதற்காகவே அங்கே போய் இறப்பவர்கள் உண்டு. பிறவித் தளையையே அறுத்துவிடும் என்று போற்றப்படும் அந்த ஊரில் இருபத்தைந்து வயது இளைஞருக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்கவில்லை. சத்திரத்தில் பிராமணர்களுக்கு மட்டுமே உணவு. பூணூல் அணிந்து உள்ளே நுழையப் பார்த்தார். மீசை காட்டிக்கொடுத்தது. வெளியே தள்ளப்பட்டார். பசி தாளாமல், தெருவில் எறியப்பட்ட எச்சில் இலையில் மிஞ்சியிருந்த சோற்றை உண்டார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவரோ பிராமணர் அல்லாத ஒரு செல்வர் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுமை பற்றிய அவரது ஐயத்தை எந்த நூலும் ஊட்டியிருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு நாள் போதும் என்று நான் நினைக்கிறேன்.

ஊர் திரும்பி வணிகம் பார்த்தார். ஈரோடு நகர்மன்றத் தலைவரானார். நம்பிக்கை இல்லாதவராக இருந்தும் தேவஸ்தானப் பொறுப்பை ஏற்று ஒழுங்காக நடத்தினார். காங்கிரசு, 1924இல் வைக்கம், 1925இல் குடி அரசு இதழ், அதே ஆண்டில் காங்கிரசிலிருந்து விலகல், 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. இவை நாம் அறிந்தவை.

அவர் மறுபிறவியை மறுத்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆன்மாவை யாரும் கண்டதில்லை என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நம்பிக்கைகளையே ஒன்றோடொன்று மோதவிட்டார். செத்தவர் பிதிர்லோகத்தில் இருக்கிறார் என்று சொல்லித் திதி கொடுக்கிறோம். அவரே சொர்க்கத்திலோ நரகத்திலோ இருப்பதாகவும் சொல்கிறோம். வேறோர் உடலில் பிறந்துவிட்டதாகவும் சொல்கிறோம். மூன்றும் எப்படி ஒருங்கே உண்மையாகும்? பிறந்துவிட்டவருக்குப் பிண்டம் எதற்கு? இந்தக் கேள்விகளைப் பாமரரும் சிரித்துக்கொண்டே விளங்கிக்கொள்ளும்படி அவர் கேட்டார்.

ஆனால் அவருடைய உண்மையான சண்டை செத்தவரைப் பற்றியதன்று, உயிரோடிருப்பவரைப் பற்றியது. ஒருவன் தாழ்ந்த சாதியில் பிறந்தது போன பிறவியின் வினை. இப்பிறவியில் அடங்கி நடந்தால் அடுத்த பிறவியில் உயர்வு. இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும்வரை அடிப்பவனுக்கும் குற்ற உணர்வு வராது, அடிபடுபவனுக்கும் கோபம் வராது. ஆகவேதான் சாதியை எதிர்த்தவர் ஆன்மாவையும் கர்மத்தையும் விட்டுவைக்கவில்லை.

இந்தக் கணக்குப் புத்தகம் நம் முன்னோரோடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. கங்காணி அழைத்துவந்த தொழிலாளர்கள் பலர் பினாங்குக்கு எதிரே உள்ள ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, அதன்பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ரப்பர்க் காட்டு லயன் வீடுகளிலும் சாதி பிரித்துக் குடியிருந்தார்கள். பெரியார் இந்த மக்களைத் தேடித்தான் வந்தார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். கோலாலம்பூர், சிங்கப்பூர் எனச் சுற்றி, 1930 ஜனவரியில் தாயகம் திரும்பினார். அந்தப் பயணத்தால் ஊக்கம் பெற்ற சீர்திருத்தச் சங்கங்கள் இங்கே வேரூன்றின. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இதழும் அந்த மரபில் வந்ததே.

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. அவர் கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டியே முதுமை கண்டவர். சம்பளத்தில் பிடித்தம் செய்தாலும், காரணமின்றித் திட்டினாலும், போன சென்மத்துப் பாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பெரியார் குறிவைத்த கணக்கு அதுவேதான். ஆனால் அதே பாட்டிக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோன ஒரு மகள் உண்டு. பிறகு பிறந்த என் அத்தையின் தோளில் அதே இடத்தில் மச்சம் இருந்ததாம். போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று பாட்டி சாகும்வரை நம்பினார். அத்தையைச் சில நேரம் மூத்தவளின் பெயர் சொல்லியே கூப்பிடுவார். முதல் நம்பிக்கையை எதிர்த்து நான் அவரோடு பலமுறை வாதிட்டிருக்கிறேன். இரண்டாவதை எதிர்த்து ஒரு சொல்கூடப் பேச எனக்கு வாய் வந்ததில்லை. பேசியிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பெரியாருக்கும் நாகம்மையாருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்தே மாதத்தில் இறந்துபோனது. அதன்பின் அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. என் பாட்டி பற்றிக்கொண்ட ஆறுதல் அவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இதைவிடப் பெரிய சோதனை 1933 மே 11ஆம் நாள் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த நாகம்மையார் காலமானார். மறுநாளே பெரியார் திருச்சிக்குச் சென்று, தடையுத்தரவை மீறிக் கிறித்தவ இணையர்க்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்துக் கைதானார். இதைக் கல்நெஞ்சம் என்போர் உண்டு. அவர்கள் குடி அரசில் அவர் எழுதிய இரங்கலைப் படிக்க வேண்டும். அம்மையார் எங்கோ இருக்கிறார், மீண்டும் சந்திப்போம் என்ற சாயல் அதில் எங்குமே இல்லை. அவர் தமக்கு எவ்வளவு பயன்பட்டார் என்று கணக்கிடுகிறார். பெண்ணுரிமையைப் பற்றி ஊருக்குச் சொன்ன அளவுக்கு வீட்டில் நடந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். மறுமையில் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வழி இல்லாதவர் கடனை இங்கேயே, எல்லாரும் படிக்கும்படி எழுதிவைத்துவிட்டார்.

1954 டிசம்பரில் இரங்கூனில் நடந்த உலகப் பௌத்த மாநாட்டுக்குச் சென்றபோது அம்பேத்கரைச் சந்தித்தார். அங்கிருந்து மணியம்மையாருடன் இரண்டாம் முறையாக மலாயாவுக்கு வந்தார். பௌத்தம் நிலையான ஆன்மாவை மறுத்தும் மறுபிறப்பை ஒருவகையில் ஏற்கிறது. அந்த நுட்பமான தத்துவச் சிக்கல் இருவரையும் தடுக்கவில்லை. 1956 அக்டோபரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது ஏற்ற இருபத்திரண்டு உறுதிமொழிகளில் சிரார்த்தம் செய்யேன், பிண்டம் இடேன் என்பதும் ஒன்று. பெரியாரோ மதம் மாறவில்லை. வெளியேறிவிட்டால் இந்து மதத்தைக் குறைகூறும் உரிமை போய்விடும் என்று கருதினார்.

நம் தலைமுறை நண்பர்கள் மறுபிறவிக்கு அறிவியல் சான்று இருப்பதாகச் சொல்லி அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனைத் துணைக்கழைப்பார்கள். முற்பிறவி நினைவு சொன்ன இந்திய, இலங்கைக் குழந்தைகள் உட்பட இருபது பேரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1966இல் வெளிவந்தது. அந்த நூலின் தலைப்பே மறுபிறவியைச் சுட்டக்கூடியவை என்ற அளவில்தான் நிற்கிறது, மெய்ப்பித்ததாகச் சொல்லவில்லை. இத்தகைய செய்திகள் பெரும்பாலும் மறுபிறவியை ஏற்கெனவே நம்பும் ஊர்களிலிருந்தே வருகின்றன என்பது மறுப்பாளர் வாதம். எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது. என் அத்தையின் மச்சத்தையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

பாட்டியின் உடல் பத்து லஞ்சாங் மின்சுடலையில் எரியூட்டப்பட்டது. பதினாறாம் நாள் சடங்கு வேண்டுமா என்று என் தந்தைக்கும் பெரியப்பாவுக்கும் இடையே பெரும் வாக்குவாதம் நடந்தது. இறுதியில் சடங்கு நடந்தது. தந்தை ஓரமாக நின்றார். பக்கத்து வீட்டுச் சீனர் தம் தாய்க்காகத் தாளில் செய்த வீடும் காரும் எரித்தவர். எங்கள் வீட்டுச் சண்டையை அவர் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியார் தொண்ணூற்றைந்தாம் வயதிலும், சிறுநீர்க் குழாயும் வாளியுமாக மேடையேறினார். 1973 டிசம்பர் 19ஆம் நாள் சென்னைத் தியாகராயநகரில் பேசியதே கடைசிப் பேச்சு. 24ஆம் நாள் வேலூர் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. எந்த அரசுப் பதவியிலும் இல்லாத அவருக்குக் கலைஞர் மு. கருணாநிதியின் அரசு அரசு மரியாதை அளித்தது. கொள்ளிச்சட்டி இல்லை, வாய்க்கரிசி இல்லை, மந்திரம் இல்லை. மறுநாள் சென்னைப் பெரியார் திடலில் பேழையில் வைத்து மண்ணில் அடக்கம் செய்தார்கள்.