ஒடுக்கு விழுந்த பித்தளையும் அடால்ஃப் சாக்ஸும்

பைக் டேங்க்ல ஒரு டொக்கு விழுந்தா என்ன செய்வீங்க? ரெண்டு நாள் மனசு வலிக்கும். கையில காசு இருந்தா டிங்கரிங் பட்டறைக்குப் போவீங்க, இல்லேன்னா மேல ஒரு ஸ்டிக்கரை ஒட்டிட்டு ஓட்டுவீங்க. டொக்கு விழுந்ததால மைலேஜ் ஒண்ணும் குறையப் போறதில்ல.

அதே டொக்கு ஒரு டிரம்பெட்லயோ யூஃபோனியத்துலயோ விழுந்தா அப்படி விட்டுட முடியாது. கல்யாண ஊர்வலம், சர்ச் பேண்டு, குடியரசு தின அணிவகுப்புன்னு நீங்க எங்கயாவது பாத்திருக்கிற அந்தப் பித்தளை வாத்தியங்கள்ல, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆழமா ஒரு ஒடுக்கு விழுந்தாலே போதும். விழுந்த இடத்தைப் பொறுத்து ஒரு சுரம் லேசா ஏறும், இன்னொரு சுரம் லேசா இறங்கும். ஏன் அப்படி? அதைச் சொல்லணும்னா ஒரு மனுஷனோட கதையைச் சொல்லணும். அவர் பேரு அடால்ஃப் சாக்ஸ். கால்ல போடுற சாக்ஸ் இல்லீங்க, சாக்ஸபோன்ல இருக்கிற சாக்ஸ். அந்த வாத்தியத்தோட பேர்ல இருக்கிறது ஒரு ஆளோட குடும்பப் பேருன்னு பலருக்குத் தெரியாது.

1814 நவம்பர் 6 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தினான் என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்தார். நம்ம ஊர்ல பித்தளைப் பாத்திரம்னா கும்பகோணம்னு சொல்ற மாதிரி, ஐரோப்பாவில் பித்தளைத் தகட்டைச் சுத்தியால் தட்டி உருவாக்கும் வேலைக்கு அந்த ஊர்தான் பேர் போனது. அந்தக் கைத்தொழிலுக்கே பிரெஞ்சு மொழியில் ஊர் பேரை ஒட்டித்தான் பெயர். அப்பா சார்ல் ஜோசப் சாக்ஸ் வாத்தியம் செய்பவர். குடும்பம் பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபோனதும், அங்கே அரசருக்கே வாத்தியம் செய்து கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். பதினொரு பிள்ளைகளில் அடால்ஃப்தான் மூத்தவர்.

சின்ன வயசுல அவர் உயிரோட தப்பிச்சதே பெரிய விஷயம்னு வாழ்க்கை வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. மாடிப்படியில் உருண்டு விழுந்து கல்லில் தலை மோதியது, ஊசியை விழுங்கியது, வெடிமருந்து வெடித்து உடம்பு வெந்தது, ஆற்றில் விழுந்து மூழ்கப் போனது என்று பட்டியல் நீளமா இருக்கு. அக்கம்பக்கத்தில் பையனுக்குப் பேய் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். இதில் எத்தனை நிஜம், எத்தனை பின்னாடி சேர்த்ததுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஆனா அடிபட்டு எழுந்திருக்கிற பழக்கம் அவருக்குப் பிற்பாடு ரொம்பவே தேவைப்பட்டது.

அப்பாவின் பட்டறையில் தொழில் கற்றார். பிரஸ்ஸல்ஸ் இசைப் பள்ளியில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் கற்றார். வாசிக்கவும் தெரியும், செய்யவும் தெரியும் என்ற இந்தச் சேர்க்கை அபூர்வமானது. 1838இல், அதுவரை ஒழுங்காக ஒலிக்காத பாஸ் கிளாரினெட்டைத் திருத்திக் காப்புரிமை வாங்கியபோது அவருக்கு வயது 23. உங்கள்ல பலர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிக்கிற வயசுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

1841இல் பிரஸ்ஸல்ஸில் தொழில் கண்காட்சி நடந்தது. தன்னுடைய புதுசு ஒன்றை, அதாவது முதல் சாக்ஸபோனை, அங்கே கொண்டுபோனார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் யாரோ அதை எட்டி உதைத்துவிட்டதாகவும், நசுங்கிப்போன வாத்தியத்தைக் காட்சிக்கு வைக்க முடியாமல் போனதாகவும் ஒரு கதை உண்டு. மற்ற வாத்தியங்களுக்குத் தங்கப் பதக்கம் தரலாம் என்று நடுவர்கள் சொல்லியும், வயசு பத்தாது என்று மேலே இருந்தவர்கள் அதற்கு அடுத்த பதக்கத்தைத்தான் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கவில்லை. அடுத்த வருஷம் பாரிஸுக்கு வண்டியேறிவிட்டார்.

பாரிஸில் இசையமைப்பாளர் பெர்லியோஸ் அவருடைய வேலையைப் பார்த்து அசந்துபோய், 1842 ஜூனில் ஒரு நாளிதழில் புகழ்ந்து எழுதினார். 1844இல் பெர்லியோஸ் நடத்திய கச்சேரியில் சாக்ஸே தன் வாத்தியத்தை வாசித்தார். வேலை முடியாத அந்த வாத்தியத்தை நூலும் அரக்கும்தான் பிடித்துக்கொண்டிருந்தனவாம். டெமோவுக்கு முந்தின ராத்திரி இன்சுலேஷன் டேப் சுத்தின அனுபவம் இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

இப்ப நம்ம கேள்விக்கு வருவோம். சாக்ஸ் திரும்பத் திரும்பச் சொன்ன கொள்கை ஒண்ணு இருக்கு. ஊது வாத்தியத்தின் ஒலிக்குணத்தைத் தீர்மானிப்பது அது எந்தப் பொருளால் ஆனது என்பது இல்லை. உள்ளே இருக்கும் காற்றுத் தம்பத்தின் அளவு விகிதம்தான். குழாய் எங்கே குறுகல், எங்கே அகலம், எந்த வேகத்தில் விரிகிறது என்பதுதான் வாத்தியம். பித்தளை அந்தக் காற்றுக்குப் போட்ட சட்டை மாதிரி. பின்னால் வந்த ஒலியியல் ஆராய்ச்சியும் பெருமளவு இதை ஒத்துக்கொண்டது. சுவரின் பொருளால் வரும் வித்தியாசம் சின்னது, வடிவத்தால் வருவதுதான் பெரியது.

இதை வைத்து ஒடுக்கைப் பாருங்க. குழாய்க்குள் காற்று நிலையலையாக அதிர்கிறது. சில இடங்களில் அழுத்த மாற்றம் உச்சம், சில இடங்களில் காற்றின் அசைவு உச்சம். அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் குழாய் குறுகினால் அதிர்வெண் ஏறும். அசைவு உச்சமாக இருக்கும் இடத்தில் குறுகினால் இறங்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் இந்த இடங்கள் வேற வேற. அதனாலதான் ஒரே ஒடுக்கு ஒரு சுரத்தை ஏத்தி இன்னொண்ணை இறக்குது. டியூனிங் ஸ்லைடை இழுத்து இதைச் சரி பண்ண முடியாது; அது எல்லாச் சுரத்தையும் ஒரே பக்கமாத்தான் நகர்த்தும். இன்னொரு விஷயம், டிரம்பெட்டில் மவுத்பீஸுக்கு அடுத்து வரும் குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே 2 மில்லிமீட்டர் ஆழ ஒடுக்கு, வாசலில் பாதியை அடைச்ச மாதிரி இல்லேன்னாலும் கணிசமான அடைப்பு. அதே ஒடுக்கு விரிந்த வாய்ப்பகுதியில் இருந்தா பாக்கத்தான் அசிங்கம், காதுக்குப் பெருசாத் தெரியாது.

அப்போ ஒடுக்கு எடுக்கிறது அழகுக்கான வேலை இல்லை. காற்றின் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரும் வேலை. எப்படி எடுக்கிறாங்க?

வாத்தியத் தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். நேரான பகுதிக்கும் விரிந்த வாய்க்கும், அந்த வடிவத்திலேயே செய்த எஃகு அச்சை வைஸில் இறுக்கி, வாத்தியத்தை அதன்மேல் மாட்டி, எண்ணெய் தடவி, வழவழப்பான எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்ப்பார்கள். சுத்தியால் ஓங்கித் தட்டக் கூடாது. தட்டினா தகடு விரியும், விரிஞ்ச தகட்டுக்குப் போக இடமில்லாம மேடாப் புடைக்கும். வளைந்த குழாய்க்குள் அச்சு போகாது. அதுக்கு அளவு வாரியா எஃகுக் குண்டுகள் வெச்சிருப்பாங்க. ஒடுக்கு வழியாக நுழையும் அளவில் ஒரு குண்டை உள்ளே செலுத்தி, அதைத் தாங்கலாக வைத்து வெளியே மெல்லத் தட்டுவார்கள். பிறகு அதைவிட மயிரிழை பெரிய குண்டு. அப்புறம் அடுத்தது. பொறுமைதான் வேலை. இப்போதெல்லாம் வெளியே சக்திவாய்ந்த காந்தத்தை வைத்து உள்ளே இருக்கும் குண்டை இழுத்துத் தேய்க்கும் முறையும் இருக்கு.

மடிஞ்சு கசங்கின அளவுக்கு அடி பட்டிருந்தா, சால்டர் வைத்த இணைப்புகளைச் சூடாக்கிப் பிரித்து, குழாயைத் தனியா எடுத்துத்தான் வேலை பாக்கணும். மெட்டலர்ஜி வகுப்பில் தூங்காதவங்களுக்கு இங்க ஒரு விஷயம் ஞாபகம் வரும். பித்தளையை நிமிர்த்த நிமிர்த்த அது கடினமாகும். வளைத்த கம்பியை நிமிர்த்திப் பாருங்க, பழைய இடத்தில் நிமிராமல் பக்கத்தில் வளையும். அதே மாதிரிதான். கடினமான தகட்டைத் தொடர்ந்து தட்டினா விரிசல் விடும். அதனால் நடுவில் நிறுத்தி, மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி இளக்கித்தான் மேற்கொண்டு தொடுவார்கள். பழைய வாத்தியத்தில் துத்தநாகம் அரித்துப்போய் ரோஸ் நிறப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடம் நிமிராது, உடையும். அங்கே ஒட்டுப் போடணும், இல்லேன்னா குழாயையே மாத்தணும்.

சாக்ஸின் காலத்து வாத்தியங்களுக்கு இந்த அடி வாங்குவது தினசரி வாழ்க்கை. அவை போனது ராணுவத்துக்கு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி, மேல் சுருதியிலிருந்து அடி சுருதி வரை ஒரே ஒலிக்குணம் கொண்ட சாக்ஸ்ஹார்ன் என்ற வால்வு வைத்த பித்தளைக் குடும்பத்தை 1840களில் உருவாக்கினார். பழைய ராணுவ பேண்டா, சாக்ஸின் பேண்டா என்று முடிவுகட்ட 1845 ஏப்ரல் 22 அன்று பாரிஸின் ஷான் த மார்ஸ் மைதானத்தில் போட்டியே வைத்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில். சாக்ஸின் பக்கம் வாசிக்க வேண்டிய சிலர் வராமல் போய், ஆள் குறைவாகத்தான் வாசித்தார்கள். இருந்தும் மக்கள் தீர்ப்பு சாக்ஸுக்குத்தான். பிரெஞ்சு ராணுவம் அவருடைய வாத்தியங்களை ஏற்றுக்கொண்டது. டிஸ்டின் என்ற வாத்தியக் குடும்பம் சாக்ஸ்ஹார்ன்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அங்கே சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த பித்தளை பேண்டுகளுக்கு அவையே முதுகெலும்பாயின. 1846இல் சாக்ஸபோனுக்கும் 15 ஆண்டுக் காப்புரிமை கிடைத்தது.

இதோட படம் சுபம்னு நினைக்காதீங்க. பாரிஸின் மற்ற வாத்தியத் தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து, அவர் செய்தது எதுவுமே புதுசு இல்லை என்று வழக்குப் போட்டார்கள். அவரும் காப்பியடித்தவர்கள் மேல் வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் பல முறை ஜெயித்தார். ஆனால் வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1848 புரட்சியில் அவரை ஆதரித்த அரசு கவிழ்ந்து, ராணுவ ஆர்டர் போனது. 1852இல் முதல் திவால். மூன்றாம் நெப்போலியன் வந்து திரும்பத் தூக்கிவிட்டார். அதே 1850களில் வாத்தியம் ஊதுகிற உதட்டிலேயே புற்றுக்கட்டி வந்தது; சில வருஷம் போராடி மீண்டார். பாரிஸ் கன்சர்வட்டரியில் 1857இல் சாக்ஸபோன் வகுப்பு தொடங்கினார். 1870 போரோடு அது நின்றது. காப்புரிமை 1866இல் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் சாக்ஸபோன் செய்யலாம் என்றானது. 1873இல் இரண்டாவது திவால், 1877இல் மூன்றாவது. உலகமெங்குமிருந்து அவர் சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான வாத்தியங்கள் ஏலம் போயின. 1894 பிப்ரவரியில் பாரிஸில் வறுமையில் இறந்தார். மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

ஜாஸ் என்ற ஒன்று வரப்போவதே அவருக்குத் தெரியாது. மங்களூர் பக்கத்துக் கத்ரி கோபால்நாத் அதே சாக்ஸபோனில் கர்நாடக ராகங்களின் கமகத்தை வாசித்து நம்ம சபாக்களை எழுந்து கைதட்ட வைப்பார் என்று கனவு கூடக் கண்டிருக்க மாட்டார். ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னா அவர் மூணு தடவை ஃபெயில். ஆனா அவர் கண்டுபிடிச்சது தப்பா? இல்லை. கணக்குச் சரி, கணக்குப்புத்தகம்தான் சரியில்லை. இந்த ரெண்டையும் நாம எத்தனை தடவை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம்னு யோசிச்சுப் பாருங்க. பட்டறை கைவிட்டுப் போச்சு, விகிதம் நின்னுச்சு. இன்னிக்கும் ஒரு ரிப்பேர்காரர் குண்டை உள்ளே விட்டு ஒடுக்கை நிமிர்த்தும்போது, அந்த மாதிரி ஒரு விகிதத்தைத்தான் அரை மில்லிமீட்டர் தகட்டில் மறுபடி கொண்டுவருகிறார்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க காலேஜ் என்சிசி பேண்டு அறையிலோ, ஊர் சர்ச்சிலோ, தெரிஞ்ச பேண்டு செட்காரர் வீட்டிலோ நசுங்கின யூஃபோனியம் ஒண்ணு மூலையில கிடந்தா, எடைக்குப் போட விடாதீங்க. நீங்களே சுத்தி எடுத்துத் தட்டவும் தட்டாதீங்க. முதல்ல ரெண்டு விஷயம் பாருங்க: ரோஸ் நிறப் புள்ளி இருக்கா, வால்வு பிஸ்டன் சிக்காம ஏறி இறங்குதா. வால்வு உறையில் ஒடுக்கு இருந்தா அதுதான் கஷ்டமான, செலவு பிடிக்கிற வேலை. மத்த இடத்தில் எவ்வளவு மோசமா நசுங்கியிருந்தாலும், பொறுமையான கையில கொடுத்தா பெரும்பாலும் நிமிரும்.