கோழியின் நிறத்தில் கணக்கைக் கண்டவர்

ஆண்டுதோறும் நவராத்திரிக்குக் குமாரகோவிலிலிருந்து வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக்கு எழுந்தருளுகிறார். சேவற்கொடியோனை வணங்கும் நமக்குக் கோழி புதிதல்ல. சொந்த ஊரில் கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்காத குடும்பங்கள் குறைவு. ஆனால் வெள்ளைக் கோழியின் முட்டையில் செந்நிறக் குஞ்சு வந்தது ஏன் என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. அந்த விடைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அத்தகைய கணக்குகளுக்கே வாழ்நாளைக் கொடுத்து, முடிவில் இந்தியக் குடிமகனாக மறைந்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன்.

1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் அவர் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற உடலியல் அறிஞர். சிறுவன் ஹால்டேன் தங்கை நவோமியுடன் சேர்ந்து வீட்டிலேயே கினிப்பன்றிகளை வளர்த்து, எந்த ஜோடிக்கு எந்த நிறக் குட்டி பிறக்கிறது என்று கவனித்தார். கல்லூரியில் அவர் படித்ததோ கணிதமும் கிரேக்க, லத்தீன் நூல்களும் தத்துவமும். உலகம் போற்றிய இந்த விஞ்ஞானியிடம் விஞ்ஞானப் பட்டம் ஒன்றும் கிடையாது!

முதல் உலகப் போரில் படையில் சேர்ந்தார். எலிகளின் மரபுக் குணங்களைப் பற்றித் தங்கையோடும் நண்பரோடும் செய்த ஆராய்ச்சி 1915இல் கட்டுரையாக வெளிவந்தது. அந்த நண்பர் போர்க்களத்தில் மாண்டார். காயமுற்ற ஹால்டேன் 1917இல் சிகிச்சைக்காக இந்தியா வந்தார். இந்நாட்டோடு அவருக்கு உண்டான முதல் உறவு அதுதான்.

போருக்குப் பின் கோழிகளின் மரபுக் குணங்களைப் பற்றி 1921இல் ஒரு குறிப்பு எழுதினார். கோழியிடம் ஒரு விசேஷம் உண்டு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில், சேவலுக்கு ஒரே வகையில் இரண்டு. பெட்டைக்கு அந்த வகையில் ஒன்றுதான். மனிதரில் இது தலைகீழ். ஆகவே பெட்டைக்குஞ்சு அந்த ஒன்றைத் தகப்பனிடமிருந்தே பெறுகிறது. சேவற்குஞ்சோ தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று பெறுகிறது.

இறகின் பொன்னிறம், வெள்ளி நிறம் இரண்டுக்கும் உரிய ஜீன் இந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வெள்ளி மேலோங்கும். ரோட் ஐலண்டு ரெட் என்னும் செந்நிறச் சேவலை, லைட் சஸ்ஸெக்ஸ் என்னும் வெள்ளிநிறப் பெட்டையோடு சேர்த்தால், பொரித்த அன்றே வித்தியாசம் தெரியும். வெளிர் நிறக் குஞ்சுகள் சேவல். செந்நிறக் குஞ்சுகள் பெட்டை. மகன் தாயின் நிறம், மகள் தந்தையின் நிறம்! ஜோடியை மாற்றி, கலப்பற்ற வெள்ளிச் சேவலைச் செந்நிறப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே வெளிர் நிறந்தான். பல கலப்புகள் சேர்ந்த நம் நாட்டுக்கோழிகளில் இந்த அடையாளத்தை நம்ப முடியாது.

பன்னெட் முதலிய அறிஞர்கள் இப்படி நிறத்தைக் கொண்டு பெட்டைகளைப் பிரித்தறியும் வழியை வகுத்தனர். ஹால்டேன் மேலும் ஒரு படி சென்றார். இரு வேறு இனங்கள் கலக்கும்போது பிறப்பவற்றில் ஒரு பால் மட்டும் அரிதாகவோ மலடாகவோ இருந்தால், அது ஜோடி ஒவ்வாத குரோமோசோம்களை உடைய பாலாகவே இருக்கும் என்று 1922இல் காட்டினார். விலங்குகளில் அது ஆண், பறவைகளில் பெட்டை. இன்றும் இதற்கு ஹால்டேன் விதி என்றே பெயர்.

லண்டனில் பேராசிரியராகப் புகழோடு இருந்தவர், சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்ததைக் கண்டித்து, மகலானோபிஸ் அழைப்பின்பேரில் 1957இல் கல்கத்தா வந்தார். மனைவி ஹெலனும் விஞ்ஞானி. ஹால்டேன் ஜிப்பா அணிந்தார், மாமிசத்தை விட்டார், 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்க வேண்டாம், சுற்றியுள்ள செடி கொடிகளையும் பிராணிகளையும் பார்த்து எண்ணிக் குறித்து வையுங்கள் என்பதே நம் இளைஞருக்கு அவர் காட்டிய வழி. காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டேவிஸ் பின்னர் அவரோடு சேர்ந்தார். தென்னை மட்டைகள் சில மரங்களில் இடமாகவும் சிலவற்றில் வலமாகவும் சுற்றி அமைவதை டேவிஸ் ஆராய்ந்தார். இடச்சுற்று மரத்தின் கன்றுகளிலும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதியே வந்தன. கோழியின் நிறம்போல் இது பரம்பரையாக வருவதல்ல என்பது, மரங்களை எண்ணியே தெளிவாயிற்று.

நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் கல்கத்தாவை விட்டு, 1962இல் புவனேஸ்வரம் சென்று ஒரிசா அரசின் ஆதரவில் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதை வளர்க்கக் காலம் இடம் கொடுக்கவில்லை. புற்றுநோய் கண்டு 1964 டிசம்பர் 1ஆம் நாள் 72ஆம் வயதில் காலமானார். அவருடைய விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயில அளிக்கப்பட்டது.

கடையில் கணக்கு எழுதுகிறவருக்கும் அலுவலகத்தில் பதிவேடு பார்க்கிறவருக்கும் எண்ணுவதும் குறிப்பதும் தினசரிப் பழக்கம். ஹால்டேனின் விஞ்ஞானம் கேட்ட முதல் தகுதியும் அதுவே.