ஏட்டில் ஏறிய பேர்

இந்த மலருக்கு நம்ம வடசென்னைக்காக உழைத்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னாங்க. நான் எழுத எடுத்துக்கொண்டது எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பேர் தெரியாது. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் வயசானவங்களைக் கேட்டுப் பாருங்க, முகம் மலரும்.

எங்க தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். விடியறதுக்கு முன்னாடியே கேட் முன்னால போய் நிற்கணும். மேஸ்திரி வந்து யாரைக் கை காட்டுறாரோ அவருக்குத்தான் அன்னைக்கு வேலை. கை காட்டாதவர் வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்பணும். கப்பல் வந்தா சோறு, வராட்டி கஞ்சி. அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாத்தா சொல்லும் பேர் அந்தோணிப்பிள்ளை. அதனால சின்ன வயசிலேயே எனக்கு அந்தப் பேர் பழக்கம்.

அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை. 1914இல் இலங்கையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் படித்து, மேற்படிப்புக்கு லண்டன் போனார். நினைத்திருந்தால் பெரிய உத்தியோகம் பார்த்திருக்கலாம். அவரோ லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் நடுவில் வேலை செய்யப் போனார்.

1939இல் கரோலின் குணவர்தனவைத் திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மா சிங்களவர். கட்சியின் பெரிய தலைவர் பிலிப் குணவர்தனவின் தங்கை. கணவர் பேரைச் சொல்லும்போது இவரையும் சொல்லியே ஆகணும். 1934, 35இல் இலங்கையில் மலேரியா வந்து ஊர் ஊராக ஜனங்க செத்தபோது நிவாரண வேலைக்குப் போனவர். தமிழரும் சிங்களவரும் கலியாணம் செய்வது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமில்லை. அதுக்கு மேல வேற நாட்டுக்கு வந்து, புருஷன் ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் அலையும்போது குடும்பத்தைத் தாங்கினார். நூறு வயசு வரை வாழ்ந்து, 2009இல் காலமானார்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ஆங்கில அரசு அந்தக் கட்சியை ஒடுக்கியது. தலைவர்கள் பலர் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தாங்க. அந்தோணிப்பிள்ளையும் அப்படி வந்தவர்தான். தலைமறைவு வாழ்க்கை, பிறகு சிறை. வெளியே வந்ததும் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரானார். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளிகளுக்காகத் தொடங்கி, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் வளர்த்த பழைய சங்கம் அது. கடல் கடந்து வந்த ஒருவரை நம்ம ஜனங்க தலைவராக ஏற்றது அவர் கூடவே நின்றதாலதான்.

1947 மார்ச்சில் பெரம்பூர் ஆலையில் பெரிய வேலைநிறுத்தம். ஏறக்குறைய நூறு நாள் நடந்தது. அந்தோணிப்பிள்ளை கைதானார். நூறு நாள் கூலி இல்லாம வீடு நடத்தினது பெண்கள்தான். அவங்க பேர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

1948இல் அவர் சென்னை மாநகராட்சிக்குக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952இல் சூளை தொகுதியிலிருந்து சட்டமன்றம். 1957இல் வடசென்னைத் தொகுதியில் நின்று ஜெயித்து மக்களவைக்குப் போனார். 1962 வரை உறுப்பினர். வார்டில் ஆரம்பித்து டெல்லி வரை போனாலும் தொழிற்சங்கத்தை விடலை. 1958 ஜூனில் நாட்டின் பெரிய துறைமுகங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவர் ஒரே சமயத்தில் எம்.பி.யாகவும் துறைமுகத் தொழிலாளர் தலைவராகவும் இருந்தார். பதவி போன பிறகும் பல வருஷம் சங்க வேலைதான். 2000 ஆகஸ்டில் காலமானார்.

தாத்தா அதிகம் பேசினது அந்த ஏட்டைப் பற்றித்தான். 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி 1950களில் தொழிலாளிகள் பேரைப் பதிவு செய்தாங்க. பேர் பதிவானவருக்கு முறைப்படி வேலை வரும். வந்து நின்று வேலை கிடைக்காத நாளுக்கும் ஒரு தொகை உண்டு. மேஸ்திரியின் கைக்குப் பதில் ஏடு வந்தது. இதை ஒருத்தர் தனியா செய்யலை. பல சங்கங்களும் பல தலைவர்களும் பாடுபட்டுக் கிடைத்தது. ஆனா தாத்தாவுக்குத் தன் பேர் எழுத்தில் ஏறினதும் அந்தோணிப்பிள்ளையும் ஒண்ணுதான்.

இதை இப்போ ஏன் சொல்றேன்னா, என் தப்பு ஒண்ணு இருக்கு.

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது நமக்கெல்லாம் தெரியும். எங்க குழுவில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவங்க, கூடையில் மீன் விற்கிறவங்க பாதிப் பேர். பிழைப்பு நின்னு போச்சு. நிவாரணப் பட்டியல் வந்தப்போ படகு வைத்திருப்பவர் பேர் இருந்தது, எங்க பெண்கள் பேர் இல்லை. கேட்கப் போனோம். என்ன தொழில் செய்றீங்க, ஆதாரம் காட்டுங்கன்னாங்க. குழுப் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். அதைத் திறந்ததும் எனக்கே தலை குனிஞ்சது. தொழில் என்ற கட்டத்தில் பன்னிரண்டு பேருக்கும் இல்லத்தரசி என்று எழுதியிருந்தேன். எழுதினது நான். அவங்க சேத்தில் இடுப்பளவு நிற்பதைத் தினமும் பார்க்கிறவளும் நான்தான்.

அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து புதுசா எழுதினோம். யார் என்ன தொழில், எத்தனை வருஷம், எந்தத் துறையில் இறங்குறாங்க என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். மூணு தடவை அலைஞ்சோம். சிலர் பேர் சேர்ந்தது. சிலருக்குக் கடைசி வரை கிடைக்கலை. அதில் ஒரு அக்கா இன்னமும் என்னோடு சரியாப் பேசுறதில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

இன்னைக்கு நம்ம மாநகராட்சியில் 200 வார்டு. பாதி இடம் பெண்களுக்கு. அந்தோணிப்பிள்ளை ஏறின முதல் படி நமக்கும் திறந்திருக்கு. நம்மில் யாராவது கட்டாயம் ஏறணும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. அடுத்த வாரக் கூட்டத்தில் உங்க குழுப் பதிவேட்டைத் திறந்து தொழில் கட்டத்தைப் பாருங்க. தப்பா இருந்தா அடித்துவிட்டு, உண்மையை எழுதுங்க.